சதுக்கத்துத் துணிக்கொடி

ஒட்டர்பாக், இந்தியானா
மே 18

அன்புள்ள நோரீனுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மற்ற செய்திகள் இருக்கட்டும், முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றச் சதுக்கத்தில் இருந்த அந்தப் பலகையை இன்று காலை கழற்றிவிட்டார்கள். நான் கூடவே நின்று பார்த்தேன். திருகாணிகளை எடுத்து, தகட்டை ஒரு பழைய போர்வையில் சுற்றி, மாவட்ட வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது அங்கே இரண்டு இரும்புக் கால்கள் மட்டும் வெறுமனே நிற்கின்றன. அந்த இடம் இவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

உன் அட்டை ஏப்ரல் மாதமே கிடைத்தது. "பலகையின் படத்தை அனுப்பியிருந்தார்கள், பார்த்தேன். அதுவும் உங்களுடையதாகிவிட்டது. வாழ்த்துகள்." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். சொல்லைச் செலவழிப்பதில் நீ உன் அப்பாவைப் போலத்தான். அட்டையைச் சர்க்கரை ஜாடியில் சாய்த்து வைத்திருக்கிறேன். காலையில் காபி கலக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது. உடனே பதில் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. அது என் வேலை அல்ல என்று எழுதியிருக்கலாம். நீ நம்பியிருக்க மாட்டாய். உன் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அதனால் பலகையை முதலில் இறக்குவது, பிறகு உனக்கு எழுதுவது என்று வைத்துக்கொண்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குளிர்காலத்தில் என் இடுப்பு எலும்பை மாற்றிவைத்தது உனக்குத் தெரியும். பூ அனுப்பியிருந்தாய், நன்றி. நான் எவன்ஸ்வில் மருத்துவமனையில் படுத்துக்கொண்டு, நடக்கப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இங்கே வரலாற்றுச் சங்கத்தார் நீதிமன்றத்தைச் சுற்றிப் பலகைகள் வைத்தார்கள். தோல் பதனிட்ட தொழிற்சாலைக்கு ஒன்று, பெருவெள்ளத்துக்கு ஒன்று, கால்வாய் வெட்ட வந்து காய்ச்சலில் இறந்தவர்களுக்கு ஒன்று. எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. வடக்குப் பக்கத்தில், கடிகாரக் கோபுரத்துக்கு நேர் கீழே, துணிக்கொடிக் கதைக்கு ஒன்று வைத்தார்கள்.

அந்தக் கதை உனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் இந்த வீட்டில் அதை யாரும் பேசியதில்லை என்பதால் எழுதுகிறேன். கோபுரத்தில் விரிசல் விட்டிருக்கிறது, பழுது பார்ப்பதைவிட இடிப்பது மலிவு என்று ஆணையர்கள் முடிவு செய்தார்கள். பாரம் தூக்கும் இயந்திரம் திங்கட்கிழமை காலை வருவதாக இருந்தது. திங்கள் என்றால் ஊரெங்கும் துவைக்கிற நாள். அன்று பெண்கள் ஈரத்துணிக் கூடைகளோடு சதுக்கத்துக்கு வந்து, எல்ம் மரத்துக்கு மரம் கொடி கட்டி, நீதிமன்றத்தைச் சுற்றித் துணி உலர்த்திவிட்டார்கள். ஊரார் உள்பாவாடைகளுக்கு நடுவே வண்டி ஓட்ட என்னால் ஆகாது என்று ஓட்டுநர் இறங்கிப் போய்விட்டான். கோபுரம் தப்பியது. முறையாகப் பழுது பார்க்க ஆணையர்கள் கையெழுத்திட்டது பின்னால், அறுபத்திரண்டில்.

முதல் கொடியைக் கட்டியவள் உன் அம்மா.

பலகையில் இருந்த படத்தை நீ திரையில் சின்னதாகத்தான் பார்த்திருப்பாய். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு பெண் கையை உயர்த்தித் துணி மாட்டுகிறாள். வாயில் மரக் கிளிப்புகளைக் கவ்வியிருக்கிறாள். காற்றில் ஒரு படுக்கை விரிப்பு பறந்து அவள் முகத்தில் பாதியை மறைக்கிறது. அசல் படத்தின் பின்னால் யாரோ பென்சிலால் "திருமதி லைனஸ் ஸ்டெங்கர்" என்று எழுதியிருக்கிறார்கள். தேதி கிடையாது. எங்கள் காலத்தில் அப்படித்தான். கல்யாணமான பெண்ணுக்குக் கணவன் பெயருக்கு முன்னால் ஒரு திருமதி போட்டால் போதும், அவள் சொந்தப் பெயரை யாரும் எழுத மாட்டார்கள். நானும் நாற்பது வருடம் அப்படியே கையெழுத்துப் போட்டேன். சங்கத்தார் ஊரில் திருமதி லைனஸ் ஸ்டெங்கர் யார் என்று தேடினார்கள். தொலைபேசிப் புத்தகத்தில் ஒருத்திதான் இருந்தாள். தகட்டில் என் பெயரைப் பொறித்துவிட்டார்கள். "ஒடீலியா ஸ்டெங்கர், 1962."

எனக்கு வியப்பூட்ட வேண்டும் என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்தவளை வீட்டுக்குக்கூட விடாமல் நேரே சதுக்கத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்து, காரின் கண்ணாடியை இறக்கிக் காட்டினார்கள். பாதிரியார் கைதட்டினார். நான் ஊன்றி நடக்கும் நாலுகால் சட்டத்தைக் கீழே இறக்கச் சொல்லி, பலகை அருகே போய்ப் படித்து, இது நான் இல்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது. சங்கத்துக்குத் தலைவர் ட்வைட் ஹார்கிஸ். நீ போன பிறகு ஓஹையோவிலிருந்து வந்து உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்தினவர், மெத்தடிஸ்டு சபைக்காரர், நல்ல மனிதர், வேகமாகப் பேசுவார். அவரிடம் போய், அது என் கணவரின் முதல் மனைவி, நான் இல்லை என்று தெளிவாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உங்க தலைமுறையே இப்படித்தாம்மா. செஞ்சதையெல்லாம் செஞ்சிட்டு நான் இல்லைம்பீங்க. அந்தத் தன்னடக்கம் இப்ப யார்கிட்ட இருக்கு சொல்லுங்க" என்றார். எனக்குத் தன்னடக்கம் என்று ஒருவர் சொல்வது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மடத்துப் பள்ளியில் சிஸ்டர் வால்பர்கா பன்னிரண்டு வருடம் முயன்று கைவிட்ட காரியம் அது.

நான் மறுக்க மறுக்கப் புகழ் ஏறியது. தேவாலய அறிவிப்புத் தாளில் "பணிவின் உருவம்" என்று போட்டார்கள். ரொட்டிக் கடையில் பெர்சிமன் பழப் புட்டிங்குக்குக் காசு வாங்க மறுத்தார்கள். யாரோ ஒரு பெண் தன் குழந்தையை என் மடியில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். நான் சதுக்கத்தின் வடக்குப் பக்கம் நடப்பதை விட்டுவிட்டேன். தபால் நிலையத்துக்குப் போக மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போவேன், புது இடுப்போடு.

இளையவர்கள் இப்படி. விவரம் தெரிந்த கிழவிகள் வேறு மாதிரி நினைத்தார்கள். ஆல்வினா ஷ்னூரை உனக்கு நினைவிருக்கும், உன் அம்மாவின் சிநேகிதி. திருச்சபை விருந்தின் ஆமை சூப்பில் யார் உப்பை அதிகமாகப் போட்டது என்பதில் என்னோடு பேச்சு நின்றுபோய் வெகு காலம் ஆகிறது. அவள் பூசை முடிந்து படிக்கட்டில் எல்லோர் காதிலும் விழும்படி, "புருஷனை எடுத்துக்கிட்டா, வீட்டை எடுத்துக்கிட்டா, இப்ப அவ தோச்ச துணியையும் எடுத்துக்கிட்டாளா" என்று கேட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நீ அட்டையில் எழுதியதும் அதே வாசகம்தான், கொஞ்சம் சுருக்கமாக. உங்கள் இருவருக்கும் அப்படித் தோன்றியதில் வியப்பு இல்லை.

எனக்கு இதில் என்ன வந்தது என்று நீ கேட்கலாம். உன் அம்மாவைப் பற்றி இந்த ஊரில் எழுத்தில் இருப்பது இரண்டே இடங்களில். ஒன்று கல்லறை. அதிலும் "லைனஸின் மனைவி" என்றுதான் வெட்டியிருக்கிறது. மற்றது இந்தப் பலகை. அதில் என் பெயர். நான் இன்னும் எத்தனை நாள் இருப்பேன்? நான் போன பிறகு இல்லை என்று சொல்லக்கூட ஆள் இருக்காது, தகடு மட்டும் நிற்கும். நீ என்றாவது வந்தால், வந்து அந்தப் பலகை முன்னால் நின்றால், என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹார்கிஸிடம் மறுபடி போனேன். இந்த முறை சங்கக் கூட்டத்துக்கே போய், குறிப்பில் ஏற்றுங்கள் என்றேன். அவர் நியாயமாகத்தான் பேசினார். "அம்மா, ஒருத்தர் வந்து சொன்னார்னு மாத்த ஆரம்பிச்சா முடியாது. இந்த ஊர்ல முதல் கார் எங்க தாத்தாவோடதுன்னு மூணு குடும்பம் சண்டை போடுது. ஆதாரம் வேணும்." என் கல்யாணம் அறுபத்தொன்றில் நடந்தது, படம் அதற்கு முந்தியது என்றேன். ஆணையர்கள் கையெழுத்திட்டது அறுபத்திரண்டு, படமும் அந்த வருடம்தான் இருக்க வேண்டும், அப்படியானால் திருமதி லைனஸ் நீங்கள்தானே என்றார். படத்தில் இருப்பவள் முகமும் பாதி மூடியிருக்கிறது. பழைய பத்திரிகை இதழ்களோ அலுவலகம் எரிந்தபோது போய்விட்டன. துணி உலர்த்திய நாளில் நான் லூயிவில்லில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அங்கே இல்லாதவள் அங்கே இல்லை என்பதை எப்படி நிரூபிப்பது?

வீட்டுக்கு வந்து, சங்கத்தார் கொடுத்திருந்த படத்தின் பிரதியையும் பூதக்கண்ணாடியையும் எடுத்தேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் தவறு. துணியைப் பார்த்திருக்க வேண்டும். அவளுக்குப் பக்கத்தில் ஆண்கள் சட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. எல்லாம் தோளில் கிளிப் போட்டு மாட்டியவை.

நோரீன், நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உன் அம்மாவின் படம் ஒன்றும் சுவரில் இல்லை. நான் எடுக்கவில்லை, வரும்போதே இல்லை. உன் அப்பா அவள் பெயரைச் சொன்னதில்லை. கேட்டால் கடைக்குப் போய்விடுவார். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கொடியில் பார்த்ததுதான். உனக்கு எட்டு வயது. முக்காலியைப் போட்டு ஏறி, அப்பாவின் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் மாட்டுவாய். சட்டையை அடிவிளிம்பில் மாட்ட வேண்டும், தோளில் மாட்டினால் காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் கொம்பு முளைத்த மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், எந்த இஸ்திரியும் அதை முழுதாக அமுக்காது. நான் அவற்றைக் கழற்றித் திருப்பி மாட்டுவேன். அடுத்த திங்கள் நீ மறுபடி தோளில் மாட்டியிருப்பாய். நான் மறுபடி திருப்புவேன். சமையலறை ஜன்னலிலிருந்து நீ பார்த்துக்கொண்டு நிற்பாய். இப்படி எத்தனையோ திங்கட்கிழமைகள்.

ஆக, ஆதாரம் என்னிடம் இருந்தது. அதைக் கூட்டத்தில் வாயால் சொல்லிப் பயனில்லை. சங்கத்தில் பாதிப் பேர் வீட்டில் கொடியே கிடையாது, இயந்திரத்தில் போட்டுச் சுழற்றி எடுக்கிறவர்கள்.

உன் அப்பாவின் வெள்ளைச் சட்டைகள் சில இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை நனைத்துப் பிழிந்து கூடையில் போட்டு, கூடையை நாலுகால் சட்டத்தில் கட்டிக்கொண்டு, திங்கட்கிழமை காலை சதுக்கத்துக்குப் போனேன். எல்ம் மரங்கள் நோய் வந்து எப்போதோ போய்விட்டன. பலகையின் இரும்புக் காலில் ஒரு முனையையும் விளக்குக் கம்பத்தில் மறு முனையையும் கட்டினேன். முதல் சட்டையை எடுக்கும்போதே காவலர் ஒருவர் வந்துவிட்டார். சின்ன வயசு, ரஸ்தாட் வீட்டுப் பையனாக இருக்க வேண்டும், அந்தக் காதுகள் அப்படியே. "அம்மா, இங்க துணி காயப்போடக் கூடாதும்மா" என்றான். பலகையைக் காட்டி, "அதைப் படி தம்பி. துணி காயப்போட்டதுக்குத்தானே இவ்வளவு பெரிய தகடு வெச்சிருக்கீங்க" என்றேன். அவன் படித்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "படத்துல இருக்கிறது நீங்கதானா?" என்று மரியாதையாகக் கேட்டான். இல்லை என்றேன். அவனும் சிரித்தான்.

பத்து மணிக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஹார்கிஸை யாரோ அழைத்து வந்தார்கள். நான் உன் அப்பாவின் சட்டைகள் எல்லாவற்றையும் அடிவிளிம்பில் மாட்டி முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். இவை நான் மாட்டியவை, அவை அவள் மாட்டியவை, என் கையால் ஒரு சட்டை தோளில் தொங்கி இந்த ஊரில் எவராவது பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள் என்றேன். அவர் கொடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அம்மா, சட்டையை எப்படி மாட்டினா என்ன?" என்றார்.

அவர் வாயிலிருந்து அது வந்திருக்கக் கூடாது. ரொட்டிக் கடையிலிருந்து வெளியே வந்திருந்த கிழவிகளெல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி அடிவிளிம்புதான் முறை என்றாள். இன்னொருத்தி தோள்தான் என்றாள், அவள் மாமியார் ஜெர்மனியிலிருந்து வந்த ஸ்வாபியக்காரி. மூன்றாமவள், "ரெண்டும் இல்ல, கோட்டு மாட்டியில போட்டுத் தொங்கவிடணும்" என்றாள். அவளை இரண்டு பேரும் சேர்ந்து அடக்கினார்கள். அந்தக் காவலர் பையன் எதற்கோ தன் சட்டையின் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அப்போதுதான் ஆல்வினா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கொடியைப் பார்த்தாள். ஒரு சட்டையை நிமிண்டிப் பார்த்தாள். "இத நீயா மாட்டின?" என்று கேட்டாள். வெகு காலத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு. ஆமாம் என்றேன். "நிரூபிக்கவா? உன் பேரைத் தூக்கிட்டு அவ பேரைப் போடறதுக்கா?" ஆமாம் என்றேன். அவள் அந்தச் சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு ஹார்கிஸ் பக்கம் திரும்பினாள்.

"ஏன்யா, படிச்ச மனுஷன் நீ, அது கொலெட்டா. தோள்லதான் மாட்டுவா, எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டா. உன் புருஷனுக்கு ரெண்டு பக்கமும் கொம்பு முளைக்குதுடி, ஞாயித்துக்கிழம பூசையில சாமியார் பயந்துடப் போறார்னு நாங்க கேலி பண்ணுவோம். முளைக்கட்டும், அப்பதான் நான் எங்க உக்காந்திருந்தாலும் அவரைக் கண்டுபிடிக்கலாம்னு சொல்லுவா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அம்மாவின் குரலை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

ஹார்கிஸ் விடாக்கண்டர். வருடம் இடிக்கிறதே என்றார். ஆல்வினா ஊன்றுகோலால் தகட்டின் வலது ஓரத்தைத் தட்டினாள். அங்கே விரிப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பூப்போட்ட வயிறு மட்டும் எட்டிப் பார்க்கிறது, ஆள் தெரியாது. நாங்கள் யாரும் அதை ஒரு பொருட்டாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "இந்த வயிறு என்னோடது. உள்ள இருக்கிறது எங்க ஜெரார்டு. ஐம்பத்தெட்டு செப்டம்பர்ல பொறந்தான். அவனே போன வருஷம் வேலையில இருந்து ஓய்வு வாங்கிட்டான். அறுபத்திரண்டு வரைக்கும் நான் அவனை உள்ளயே வெச்சிருந்தேன்னு சொல்றியா?"

 ஹார்கிஸ் தொப்பியைக் கழற்றி, எங்கள் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். ஆல்வினாவும் நானும் சட்டைகள் காயும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சூப்பைப் பற்றி இருவருமே பேசவில்லை. உன்னைப் பற்றிக் கேட்டாள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அதைச் சொன்னேன்.

இதெல்லாம் இந்தத் திங்கட்கிழமை நடந்தது. இன்று பலகை இறங்கியது. நேற்றிரவு நன்றாகத் தூங்கினேன். இந்தக் கடிதத்தை இப்போதே தபாலில் சேர்க்கலாம், ஆனால் வெறும் கால்களைப் பற்றி எழுதி அனுப்ப மனம் வரவில்லை. புதுத் தகடு வரட்டும். அதுவரை உறையை ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.

ஜூன் 9

வந்துவிட்டது. நேற்று மாட்டினார்கள். அச்சுக்குப் போகும் முன் வாசகத்தைக் கொண்டுவந்து காட்டும்படி ஹார்கிஸிடம் கேட்டிருந்தேன். கொண்டுவந்தார். காற்புள்ளிகளைத் திருத்திக் கொடுத்தேன். "திருமதி" வேண்டாம் என்றேன். என் பெயரை நன்றி என்று அடியில் சின்ன எழுத்தில் போடட்டுமா என்று கேட்டார். என் பெயர் அந்தத் தகட்டில் ஒருமுறை இருந்தது போதும் என்றேன். "இது நிஜமாவே தன்னடக்கமா அம்மா?" என்று சிரித்தார். இல்லை, பிழை திருத்தம் என்றேன்.

இப்போது இப்படி இருக்கிறது: "கொலெட்டா ராஷ் ஸ்டெங்கர், 1958. முதல் கொடியைக் கட்டியவர். கோபுரம் நிற்பது இவரால்." பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்க்கச் சொன்னது நான்தான். கல்லறையில் விட்டுப்போனது இங்கேயாவது இருக்கட்டும். நேற்று மாலை கடைகள் மூடும் நேரத்தில் போய் அதன் முன்னால் நின்றேன். வடக்குப் பக்கமாகவே போனேன், வடக்குப் பக்கமாகவே திரும்பினேன். நெஞ்சில் கிடந்த ஒரு கல்லை யாரோ எடுத்துவிட்டது போல இருந்தது.

ஒரு வேலை மட்டும் பாக்கி. தகடு பெரிய அளவில் வந்ததால் இதுவரை தெரியாத ஒன்று தெரிகிறது. விரிப்பின் அடியில், உன் அம்மாவின் காலுக்குப் பக்கத்தில், இரண்டு சின்னக் கால்கள். வார் வைத்த காலணி, ஒன்றில் வார் அவிழ்ந்திருக்கிறது. ஹார்கிஸ் உடனே "மகள் நோரீனுடன்" என்று சேர்த்துவிடத் துடித்தார். கணக்குப் பார்த்தால் உனக்கு அப்போது ஐந்து வயது, பொருந்துகிறது. ஆனால் நான் சம்மதிக்கவில்லை. ஒருமுறை ஊகித்து எழுதினது போதும், அங்கே இருந்தவள் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்றேன். ஆல்வினாவுக்கும் நினைவில்லை. அந்தக் காலணி யாருடையது என்று இந்த உலகத்தில் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். அந்த வரிக்கு அடியில் இடம் விட்டிருக்கிறார்கள், பின்னால் ஒரு சிறு பட்டையை ஒட்டிக்கொள்ளலாமாம்.

ஆகஸ்டில் திருச்சபை விருந்து. அதே வாரத்தில் பலகைகளுக்கு ஒரு சின்ன விழா வைக்க ஹார்கிஸ் நினைக்கிறார். அலாஸ்காவிலிருந்து இந்த வெக்கைக்கு வருவது சிரமம் என்று தெரியும். மாடி அறையைத் திறந்து காற்றோட்டம் விட்டிருக்கிறேன், ஜன்னலுக்குப் புதுவலை போட்டாயிற்று. லைனஸின் இறுதிச் சடங்கன்று நீ விடுதியில் தங்கினாய். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அறை இருக்கிறது என்பதைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆல்வினாவும் உனக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பியிருக்கிறாள். அப்படியே எழுதச் சொன்னாள்: "நான் செத்துப் போறதுக்குள்ள வந்து சேரச் சொல்லு. இல்லைன்னா ஒடீலியா சொல்றதுதான் சரித்திரம்னு ஆயிடும்."

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்கால் வலி என்று உன் உறவினர்கள் சொன்னார்கள், குளிரில் வெளியே போகும்போது கம்பளிச் சுற்று போட்டுக்கொள். கடவுள் உன்னைப் பாதுகாத்து, வழித்துணையாக வந்து, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உன் நலம் விரும்பும்,
ஒடீலியா

பி.கு. கொல்லையில் பழைய கொடி இற்றுவிட்டது. புதுக் கயிறு வாங்கி வேலியிலிருந்து பேரி மரம்வரை நீளமாகக் கட்டியிருக்கிறேன். எனக்குப் பாதிக் கயிறு போதும், வீட்டுப் பக்கத்துப் பாதியில் மட்டும்தான் மாட்டுகிறேன். மற்ற பாதி காலியாகவே இருக்கிறது. நீ வந்தால், உன் துணியை எப்படி வேண்டுமானாலும் மாட்டிக்கொள். நான் தொடமாட்டேன்.